கணினி நின்றுவிட்டால் என்ன செய்யலாம்?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் வீட்டைத் தேடி வந்தது. தோட்டத்து வீடுகள் பலவற்றில் கணினி நுழைந்தது அதன் பிறகுதான். பெரும்பாலும் அது யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பழைய மேசைக் கணினியாக இருக்கும். அதை வாங்கச் சீட்டுப் பணம் எடுத்தவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்தவர்களும் உண்டு.

அப்படி வந்த பொருள் ஒரு நாள் அசையாமல் நின்றுவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. "போர்டு போய்விட்டது, 300 வெள்ளி ஆகும்" என்று கடையில் சொன்னால் மறுத்துக் கேட்க நமக்குத் தெரிவதில்லை. கணினி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பிள்ளையின் படிப்பில் ஒரு பகுதியும் அதனுடன் போய்விடுகிறது. ஆனால், நின்றுபோன கணினிகள் எல்லாம் செத்துப்போன கணினிகள் அல்ல. எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முறை இதுதான்: வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், காசு செலவாகாததை முதலில் பார்க்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், கணினி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

முதலாவது, பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, காற்றாடியும் சுற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் உள்ளே வரவில்லை என்றே முதலில் எண்ண வேண்டும். சுவரில் உள்ள அதே இடத்தில் மேசை விளக்கையோ கைப்பேசியின் சார்ஜரையோ மாட்டிப் பாருங்கள். அது வேலை செய்தால் சுவரில் குறை இல்லை. அடுத்து வயரைப் பாருங்கள். கணினிப் பெட்டிக்குப் போகும் வயரும் திரைக்குப் போகும் வயரும் பல வீடுகளில் ஒரே வகையாகவே இருக்கும். அப்படியானால் இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். பெட்டி ஓடினால் குறை வயரில்தான்.

நம் நாட்டு மூன்று கால் பிளக்கின் உள்ளே ஒரு சிறிய பியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால், பழையதில் எந்த எண் இருக்கிறதோ அதே எண்ணுள்ள பியூசை வாங்கிப் போடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டுவது தீயை விலை கொடுத்து வாங்குவதாகும். பெட்டியின் பின்புறம் வயர் சொருகும் இடத்தின் அருகே ஒரு சிறிய சுவிட்சும் இருக்கலாம். வீடு கூட்டும்போது கை பட்டு அது அணைந்திருப்பதும் உண்டு.

இரண்டாவது, காற்றாடி சுற்றுகிறது. ஆனால் திரையில் படம் இல்லை. திரைக்குப் போகும் வயரின் இரு முனைகளையும் கழற்றி, மீண்டும் அழுத்தி மாட்டுங்கள். அப்போதும் படம் வராவிட்டால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் வாசிப்பதை நீங்கள் அறிவீர்கள். வராத ஆளின் இடத்தில் மௌனம் இருக்கும். கணினியும் எழுந்தவுடன் தன் உறுப்புகளுக்குப் பெரட்டு வைக்கிறது. ஏதேனும் ஒன்று பதில் சொல்லாவிட்டால் "பீப், பீப்" என்று ஒலி எழுப்பும். அந்த ஒலி நீளமா, குட்டையா, எத்தனை முறை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் கணினிக்குக் கணினி மாறும். ஒலிபெருக்கி இல்லாத கணினி வாயே திறக்காது.

பெரட்டுக்கு வராத ஆள் பல வேளைகளில் ரேம் எனப்படும் நினைவகப் பட்டைதான். அதைச் சரிபார்க்க முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு கணினியின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். நம் உடம்பிலுள்ள நிலைமின்சாரமும் இறங்குவதற்காகப் பெட்டியின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு, மூடியைத் திறங்கள். பட்டையின் ஓரத்திலுள்ள பிடியை விலக்கி, பட்டையை நேராக மேலே எடுங்கள். அதன் அடியில் பொன்னிறக் கோடுகள் தெரியும். பள்ளிப் பிள்ளையின் வெள்ளை அழிப்பானால் அவற்றை மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, "டக்" என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

நாங்கள் அறிந்த ஒரு வீட்டில், ஐந்தாம் படிவத்தில் படித்த பெண்ணின் கணினி இப்படித்தான் நின்றது. புதிய போர்டு வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பழைய மாணவன் ஒருவன் அழிப்பானை எடுத்துத் தேய்த்து மாட்டினான், கணினி எழுந்துகொண்டது. செலவு ஒரு காசு இல்லை.

மூன்றாவது, கணினி பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடும். இது பெரும்பாலும் சூட்டினால் வருவது. உள்ளே செயலியின் மேல் ஒரு காற்றாடியும், அதன் கீழ் அலுமினியத் தகடுகளும் உண்டு. செம்மண் புழுதியும் வீட்டுத் தூசியும் தகடுகளை அடைத்துக்கொண்டால் சூடு வெளியேற வழியில்லை. முதலில் கணினியின் வேகம் குறையும். சூடு இன்னும் ஏறினால், தன்னைக் காத்துக்கொள்ள அது நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த வர்ணத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அப்போது காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடாது. கணினியைத் தரையில் வைக்காதீர்கள். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள்.

நான்காவது, ஒவ்வொரு நாளும் கடிகாரம் பின்னுக்குப் போய், தேதி தவறாகக் காட்டுகிறது. இது பெரிய நோய் அல்ல. போர்டில் 20 காசு நாணயம் போன்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதன் மேல் 2032 என்ற எண் இருக்கும். கடிகாரக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

ஐந்தாவது, பெட்டிக்குள்ளிருந்து "டிக், டிக்" என்று திரும்பத் திரும்பச் சத்தம் வருகிறது. கோப்புகள் திறக்க நேரமாகிறது. வன்தட்டு சாகப் போகிறது என்பதற்கு இது அறிகுறி. அப்போது வேறு எதையும் செய்யாமல், பிள்ளையின் பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் உடனே வேறோர் இடத்தில் படியெடுங்கள். வன்தட்டைக் கடையில் வாங்கலாம். பிள்ளை எழுதியதைக் கடையில் வாங்க முடியாது.

இனி, செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். வயர் வந்து சேரும் இரும்புப் பெட்டி மின்வழங்கி எனப்படும். அதை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். தீய்ந்த வாடை வந்தால் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. மழை கறுத்து வருவதைக் கண்டதுமே பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கணினி எழவில்லை என்றால் கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். அப்போது வெறுங்கையோடு போகாதீர்கள். என்ன ஒலி கேட்டது, விளக்கு எரிந்ததா, எதை எதை மாற்றிப் பார்த்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். "வயரை மாற்றிப் பார்த்தோம், ரேமைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம்" என்று சொல்கிறவரிடம் கடைக்காரரும் கணக்காகத்தான் பேசுவார். கழற்றிய பழைய உறுப்பைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடியைத் திறக்கும் வேலையை மகனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருந்து, பிளக்கைக் கழற்றியதை உறுதி செய்துகொண்டால் போதும். ஒரு கருவி ஏன் நின்றது என்று வரிசையாகச் சிந்திக்கப் பழகிய பிள்ளை, வாழ்க்கையில் வேறு எது நின்றாலும் திகைத்து நிற்காது.