பஞ்சு வைத்தால் போதுமா?



[விசைத்தறி ஓடும் சத்தம்]

இப்போ நீங்க கேட்டது குமாரபாளையத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தறிப்பட்டறை. போன்ல பதிவு பண்ணினது, அதனால நிஜச் சத்தத்தில் ஒரு துளிதான் உங்களுக்கு வந்திருக்கும். பத்துப் பன்னெண்டு நாடாத் தறி சேர்ந்து ஓடினா உள்ளே 95, 100 டெசிபல்னு போகும். அப்பா முப்பது வருஷமா அங்கதான் நிக்கிறார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கடைக்குக் கிளம்பினவரைப் பார்த்து அம்மா, "ஏனுங்க, காசு எடுத்தீங்களா?"ன்னாங்க. "காதுக்கென்ன, நல்லாத்தானே இருக்குது"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். ராத்திரி படுத்தப்போதான் உறைச்சது.

சத்தத்தால வர்ற பாதிப்பு முதல்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல, அதாவது கீச்சுன்னு இருக்கிற ஒலிகள்லதான் தொடங்கும். ஆ, ஓ மாதிரி உயிரொலிகள் நல்லாவே கேட்கும். ச, ஸ, ஷ போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிப் போகும். அதனால பேசுறது கேட்கும், ஆனா என்ன சொன்னாங்கன்னு பிடிபடாது. வீட்டுல இருக்கிறவங்க "கவனிக்கிறதே இல்லை"ன்னு கோபப்படுவாங்க. எங்க அம்மா பல வருஷமா பட்ட கோபம் அதுதான்.

மறுநாள் அவர்கிட்ட கேட்டேன். "ஷிஃப்ட் முடிஞ்சா கொஞ்சம் அடைச்சாப்பல இருக்கும் கண்ணு. காத்தால சரியாப் போயிரும். இப்பல்லாம் காது பழகிருச்சு. அதுமில்லாம பஞ்சு வெச்சுக்கறேன்ல?"

இந்த ரெண்டு நம்பிக்கையும் தப்பு. உள்காதுல ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். பிறக்கும்போது இருக்கிறதுதான், புதுசா முளைக்காது. அடைப்பும் இரைச்சலும் அந்தச் செல்கள் அடிவாங்கினதுக்கான அடையாளம். காலையில் சரியான மாதிரி தெரிஞ்சாலும், தினமும் அடிவாங்கினா ஒருநாள் மீளாமப் போயிடும். சத்தம் பழகிடுச்சுன்னு தோணுறப்போ, பல சமயம் காதுதான் குறைஞ்சிருக்கும்.

பஞ்சு சில டெசிபல்தான் குறைக்கும். 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தா 100 டெசிபலுக்குக் கால்மணி நேரம்தான். அப்பாவோட ஷிஃப்ட் 12 மணி நேரம்! இரைச்சலால வர்ற செவிட்டுத்தன்மை, சட்டப்படி இழப்பீடு கேட்கக்கூடிய தொழில் நோய்தான். ஆனா வேலை பார்த்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத பட்டறைக்காரங்க எதைக் காட்டிக் கேட்பாங்க?

அதனால நம்ம கையில இருக்கிறது நுரை அடைப்பான். ஒரு டீ, வடை காசுதான். வைக்கிற விதத்துலதான் விஷயமே இருக்கு. கையைக் கழுவிட்டு விரலால உருட்டி மெல்லிசாக்கணும். மறுகையைத் தலைக்குப் பின்னால கொண்டுபோய்க் காதை மேல, பின்பக்கமா இழுத்துட்டு உள்ளே விடணும். அது விரியிற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்திப் பிடிக்கணும். அப்பா முதல்ல பாட்டில் மூடி மாதிரி வெளியே துருத்திக்கிட்டு வெச்சிருந்தார், அது பஞ்சுக்குச் சமம்.

இன்னொண்ணு. சரியா வெச்சு 30 டெசிபல் குறையுதுன்னே வெச்சுக்குவோம். 8 மணி நேரத்துல அரை மணி நேரம் பட்டறைக்குள்ளேயே கழற்றி வெச்சா, மொத்தப் பலன் 12 டெசிபல் அளவுக்கு இறங்கிடும். பேசணும்னா வெளியே வந்து கழற்றுங்க.

"இழை அறுந்தா தெரியாதே"ன்னார் அப்பா. "நீங்க கண்ணாலதானேப்பா பார்க்கிறீங்க?"ன்னேன். பதில் சொல்லலை.

உங்க பட்டறை எப்படின்னு பார்க்க மீட்டர் வேண்டாம். கை எட்டுற தூரத்துல நிக்கிறவர்கிட்ட கத்தித்தான் பேச வேண்டியிருந்தா, காதை மூடுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேட்கும் திறனைச் சோதிச்சுக்கோங்க. அப்பாவுக்குப் பார்த்தாச்சு. ரெண்டு காதிலும் குறைஞ்சிருக்கு, போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மிச்சம் இருக்கிறதுக்காக இப்போ அடைப்பானை ஒரு சின்ன டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போறார். பக்கத்துத் தறி மாமா தனக்கும் ஒரு ஜோடி கேட்டிருக்கார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.