குண்டிகை நீரும் கைத்தூய்மையும்
(சரவணம்பட்டி மகாவீரர் ஜெயந்தி விழாவில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் முனிவர் பெருமக்கள் அனைத்தையும் துறந்தவர்கள். எனினும் மூன்றை மட்டும் உடன் கொள்வர். மயிற்பீலி உயிர்களைக் காப்பதற்கு, நூல் ஞானத்திற்கு, குண்டிகை நீர் தூய்மைக்கு. ஆடையையும் துறந்தவர் தூய்மைக்கான நீரைத் துறக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

1847ஆம் ஆண்டு வியன்னா பொது மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார் பலர் காய்ச்சல் கண்டு மாண்டனர். பிணஆய்வு செய்த கையோடு மருத்துவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்குச் சுமார் 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. எனினும் உடன் பணியாற்றியோர் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. தம் கைகளே உயிர் கொன்றன என்பதை ஒப்புக்கொள்வது எளிதன்று.

எனக்கும் அது எளிதாக இல்லை. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு விரைந்தேன். அங்கிருந்த மூதாட்டி, "ஏனுங் கண்ணு, கையக் கழுவுனீங்களா?" என்றார். நான் கழுவியிருக்கவில்லை. முதலில் சினம் வந்தது. பிறகு நாணம் வந்தது. அன்று அவர் எனக்கு ஆசிரியரானார்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐந்து தருணங்களை வகுத்தது. நோயாளியைத் தொடுமுன், ஊசி, கட்டு முதலிய தூய செயல்களுக்கு முன், குருதி முதலியன படக்கூடிய செயலுக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவர் கட்டிலையும் பொருள்களையும் தொட்டபின் கைத்தூய்மை வேண்டும். கையுறை இதற்கு ஈடாகாது.

"சோப்பினால் நுண்ணுயிர்கள் மடியாவா? நீர் வீணாகாதா?" என நம்மவர் வினவுவதுண்டு. நல்ல வினாவே. இல்லறத்தார் விலக்க வேண்டுவது சங்கற்ப இம்சை. கொல்லும் கருத்தோடு செய்யும் கொலை. கை கழுவுவோர் கருத்து காத்தலே. சோப்பும் பெரும்பாலும் கிருமிகளைக் கையிலிருந்து பெயர்த்து அகற்றுகிறது. கழுவாத கையால் பச்சிளங்குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் அது பிரமாதத்தால், அசட்டையால், வந்த இம்சை அன்றோ? நீரை வீணாக்குவது அனர்த்த தண்டம் என்பதும் உண்மை. ஆகவே கையை நனைத்தபின் குழாயை மூடித் தேயுங்கள். பஞ்ச மந்திரத்தை மனத்துள் இருமுறை நிதானமாக ஓதும் பொழுது போதும். பின் திறந்து அலசுங்கள்.

துணியால் நீரை வடிகட்டுவது நம் மரபு. வங்கதேசச் சிற்றூர்களில் பழஞ்சேலையை மடித்து வடிகட்டிய நீரால் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2003இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆனால் துணி எல்லாக் கிருமியையும் தடுக்காது. சில நாள்களுக்கு ஒருமுறை வரும் குடிநீரைத் தொட்டியில் தேக்கும் நாம், வடிகட்டியபின் காய்ச்சியும் பருகுதல் வேண்டும்.

நான்கு தானங்களுள் ஔடத தானமும் அபய தானமும் உள்ளன. தூய கையால் அளிக்கும் மருந்தில் இரண்டும் ஒருங்கே அமைகின்றன. மருத்துவமனை செல்லும்போது, "கை கழுவினீர்களா?" எனப் பணிவோடு கேளுங்கள். கேட்பதற்குக் கூச வேண்டாம்; எங்களைப் போன்றோர் சினம் கொள்ளவும் வேண்டாம்.

அறம் வளர்க!