கூலி வயலிலிருந்து சொந்தத் தொழிலுக்கு
(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மகளிர் சொந்தத் தொழில் தொடங்குவதில் உள்ள இடர்களையும் வாய்ப்புகளையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். மாதம் பிறந்தால் ஊதியம் வாங்கிப் பழகிய பள்ளி ஆசிரியருக்குத் தொழிலைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நமக்கும் இருந்தது. ஆயினும் பள்ளியில் இரண்டு பதிவேடுகள் உள்ளன. ஒன்று வருகைப் பதிவேடு. தாய்க்கு வேலையில்லாத மாதத்தில் பிள்ளையின் வருகை குறைவதை அது நமக்குக் காட்டுகிறது. மற்றொன்று சேர்க்கைப் பதிவேடு. அதில் பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில், நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நேராக, ஆண்டுதோறும் நாமே எழுதி வந்த சொல் ஒன்றுதான்: 'கூலி'. இவ்விரு பதிவேடுகளே இன்றைய உரைக்கு நமக்குள்ள தகுதி.

வயலும் பெண்ணும்

காவிரிப் படுகையின் நெல் விளைச்சல் பெண்ணின் கையால் நடந்தது. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய அனைத்திலும் நம் தாய்மார்கள் குனிந்த முதுகுடன் நின்றனர். குறுவை, சம்பா, தாளடி என்று பருவங்கள் மாறின. குனிந்த முதுகு மாறவில்லை. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபின் நீர்வரத்து சீர்பட்டது. நிலவுடைமையாளரின் வருவாய் உயர்ந்தது. நட்டவர்களின் வீட்டுக் கூரை மட்டும் கீற்றாகவே நின்றது.

இன்று அந்தக் கூலி வேலையும் சுருங்கிவிட்டது. அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வயலை வெறுமையாக்குகிறது. நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்துவிட்டன. களைக்கொல்லி தெளிக்க ஒருவர் போதும். இயந்திரத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண். வேலையை இழப்பவர் பெண். கோடையில் மேட்டூரில் நீர் இல்லையெனில் குறுவையும் இல்லை. ஆகவே, பெண்கள் சொந்தத் தொழில் தொடங்குவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று எவரும் நினைத்தல் கூடாது. நம்மவர்க்கு அது அடுப்பெரிவதைப் பற்றிய வினா.

நம் மண்ணின் பாடம்

இதற்கு வழிகாட்டியைத் தொலைதூரத்தில் தேட வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டதை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. கூலி உயர்வு கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் அவர்கள் செய்த குற்றம். அதன்பின் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது போராட்டத்தின் பயன். அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் கூலி எவ்வளவு உயர்ந்தாலும் நிலம் பிறருடையது. மறுநாள் வேலைக்கு அழைப்பதும் அழையாததும் பிறருடைய விருப்பம்.

இந்த முடிச்சை அவிழ்க்க முனைந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார். ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் 1926இல் பிறந்து, வறுமைக்கிடையே பட்டம் பெற்றவர். சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்து, பூமிதான இயக்கத்தில் அவருடன் நடந்தவர். வெண்மணிச் செய்தி அவ்விருவரையும் கீழத்தஞ்சைக்கு அழைத்து வந்தது. 1981இல் 'உழுபவனின் நில உரிமை' எனும் பொருளில் லாஃப்டி என்ற அமைப்பை அவர்கள் நிறுவினர்.

அவ்வமைப்பின் செயல்முறையை இளைஞர்கள் உற்று நோக்க வேண்டும். நிலம் விற்க முன்வரும் உடைமையாளரையும் நிலமற்றோரையும் ஓரிடத்தில் அமர்த்தி நியாயமான விலை பேசுதல். வங்கியில் கடன் பெற்று நிலத்தை வாங்குதல். கூட்டாக உழைத்துக் கடனை அடைத்தல். இதுவே முறை. தொடக்கத்தில் வங்கிகள் கடன் தரத் தயங்கின. பத்திரப் பதிவுக்கான முத்திரைத்தாள் செலவே பெருஞ்சுமையாக இருந்தது. அம்மையார் விடவில்லை, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 2007ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் 13,000 குடும்பங்களுக்குக் கைமாறியது. நிலம் பெண்களின் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதே அம்மையாரின் உறுதி. வயல் வேலை இல்லாத மாதங்களுக்காகப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை முதலிய பயிற்சிகளும் நடத்தப்பட்டன. 2008இல் மாற்று நோபல் பரிசு என வழங்கப்படும் விருது அத்தம்பதியரைத் தேடி வந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. உடைமை பெண்ணின் பெயரில் இருத்தல் வேண்டும். தனியே நின்றால் திறவாத வங்கிக் கதவு, கூட்டாக நின்றால் திறக்கும். ஒரே பிழைப்பை நம்பாமல் இரண்டாவது கைத்தொழிலும் அறிந்திருத்தல் வேண்டும்.

தடைகள்

தடைகளை மறைத்துப் பேசுவது ஏமாற்று வேலை. அவற்றை வெளிப்படையாகவே எடுத்துரைப்போம்.

முதல் தடை ஈடு. வங்கி பிணை கேட்கிறது. நம் பெண்களிடம் பட்டாவும் இல்லை, பிணையாளும் இல்லை. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்பதற்காகவே அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்குப் போராடினார். அது நிறைவேறாத நிலையில் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். தமிழகம் 1989இல் சட்டத் திருத்தத்தின் மூலம் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தந்தது. சட்டம் இவ்வாறிருக்க, நம் குடியிருப்பிலேயே எத்தனை வீட்டுமனைப் பட்டாக்கள் பெண்ணின் பெயரில் உள்ளன? ஆடவர்கள் வீட்டுக்குச் சென்றதும் தத்தம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

இரண்டாம் தடை சாதி. தையற்கடை வைத்தால் துணி வருகிறது. இட்லிக்கடை வைத்தால் ஊர்த்தெருவார் வருவதில்லை. கறந்த பாலுக்கும் இதே கதைதான். பொருளின் சுவையை நாவு அறியும் முன்னர், செய்தவர் எந்தத் தெரு என்று செவி விசாரிக்கிறது. ஆகவே நம் பெண்கள் பலர் சொந்த ஊரை விட்டு, பேருந்து நிலையத்திலும் பெருநகரச் சந்தையிலும் கடை போடுகின்றனர். அதனால் ஆகும் பேருந்துக் கட்டணமும் வாடகையும் சாதி நம்மிடம் வாங்கும் வரி என்றே சொல்வோம்.

மூன்றாம் தடை கடன். 1992இல் தொடங்கிய சுய உதவிக்குழு - வங்கி இணைப்பு நம் தாய்மார்களுக்குச் சேமிப்பையும் துணிவையும் தந்தது. பின்னர் வந்த வாரத் தவணைக் கடன்களோ வேறு வகை. ஒரு தவணையைக் கட்ட மற்றொரு கடன், அதைக் கட்ட இன்னொரு கடன் என்று தொழிலுக்கு வாங்கிய பணம் தவணைக்கே போகிறது. கடன் வசூலில் நடக்கும் வன்முறையைத் தடுக்கத் தமிழக அரசு 2025இல் சட்டம் இயற்றியுள்ளது. ஆனால் வாசலில் நின்று வசைபாடுபவரைத் தடுக்கச் சட்டம் இருப்பதை நம் பெண்கள் முதலில் அறிய வேண்டும்.

நான்காம் தடை கணக்கு அறியாமை. இது ஆசிரியரின் துறையாதலால் சற்று விரித்துச் சொல்வோம். ஒரு தாய் 600 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிப் பலகாரம் செய்து 900 ரூபாய்க்கு விற்கிறார் எனக் கொள்வோம். 300 ரூபாய் ஆதாயம் என்று மகிழ்கிறார். எரிவாயுவுக்கு 80, பேருந்துக்கு 40, கடன் வட்டிக்கு 70 கழித்தால் மிஞ்சுவது 110. விடியற்காலை நான்கு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை பத்து மணி நேர உழைப்பு. மணிக்கு 11 ரூபாய்! தம் உழைப்புக்கும் கூலி உண்டு என்பதை அவர் கணக்கில் எழுதவே இல்லை. அத்துடன் வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே சுருக்குப்பையில் கிடக்கின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் கரைகிறது. முதல் கரைந்தால் தொழில் நிற்கிறது.

ஐந்தாம் தடை நாமே

இறுதித் தடையைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. எனினும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் படித்த மாணவி ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர். திருமணமாகிக் கைக்குழந்தையுடன் இருந்தார். “சார், அவல் இடிக்கிற மெஷின் போடலாம்னு இருக்கேன். பேங்க்ல ஜாமீன் கேக்குறாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட முடியுமா?” என்று கேட்டார். நாம் தயங்கினோம். பிணையெழுத்து என்றதும் ஊதியத்தில் பிடித்தம் வந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அதை அறிவுரையால் மூடினோம். “அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? குரூப் நாலு திரும்ப எழுது” என்று சொல்லி அனுப்பினோம். அவர் மறுசொல் பேசாமல் எழுந்து சென்றார்.

அரசுப் பணி நமக்கு மானத்தோடு வாழ வழி தந்தது உண்மை. இச்சங்கம் பலரை அப்பணிக்கு அனுப்பியதும் பெருமையே. ஆனால் ஒரு பணிக்கு நூற்றுக்கணக்கானோர் தேர்வெழுதும் நாளில், அதுவொன்றே வழி என்று சொல்லிச் சொல்லி, துணிந்து வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினோம். மேல்சாதியார் கதவடைத்தபோது குமுறிய நாம், நம் வீட்டுக் கதவை நாமே அடைத்தோம்.

அம்மாணவி நின்றுவிடவில்லை. குழுவில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து இயந்திரம் போட்டார். நகரத்துக் கடைகளுக்கு அவல் அனுப்புகிறார். சென்ற ஜூன் மாதம் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க நம் பள்ளிக்கே வந்தார். நாம் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, பழக்கத்தால் தந்தையின் தொழிலை மட்டும் கேட்டோம். “என் பேரையும் எழுதுங்க சார். சொந்தத் தொழில்” என்றார். எழுதினோம்.

வாய்ப்புகள்

நெல் விளையும் நாட்டில் நெல்லைச் சார்ந்த தொழில்களே முதலில் நினைக்கத்தக்கவை. அவல், பொரி, அரிசி மாவு, முறுக்கு, சத்துமாவு ஆகியவற்றின் கைத்திறன் நம் பெண்களிடம் உள்ளது. பொதியும் சந்தையும்தான் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை போன்ற மரபு நெல் வகைகளை நெல் ஜெயராமன் போன்றோர் மீட்டுத் தந்தபின் நகரங்களில் அவற்றுக்குத் தேவை பெருகியுள்ளது. தஞ்சாவூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சியில் வேரூன்றி வளர்ந்த நிறுவனம், 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்தது. சிறு தொழில் முனைவோர்க்கு அங்கே பயிற்சி உண்டு. அதன் வாசலைக் கடந்து பேருந்தில் செல்லும் நம்மவருள் எத்தனை பேர் உள்ளே சென்றிருக்கிறோம்?

1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தின் திட்டங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். அதன் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி மகளிர் நிலம் வாங்க விலையில் பாதியை, 5 லட்சம் ரூபாய் வரை மானியமாகத் தர ஏற்படுத்தப்பட்டது. கிருஷ்ணம்மாள் அம்மையார் கால்நடையாக அலைந்து கேட்டது இன்று அரசாணையாகியிருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் வட்டிச் சலுகையும் தரும் வகையில் 2023இல் கொண்டுவரப்பட்டது. விண்ணப்பிக்கும் முன்னர் நடைமுறையிலுள்ள விதிகளை மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டறிக. இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

சங்கத்திற்கு நான்கு வேண்டுகோள்

முதலாவது: வெள்ளி விழா நிதியின் ஒரு பகுதியைத் தோரண வாயிலுக்குச் செலவிடாது, மகளிர் தொழிற் சுழல்நிதியாக ஒதுக்குக. அதனை மகளிரே நிர்வகிக்கட்டும்.

இரண்டாவது: ஞாயிறுதோறும் மாலையில் வரவு, செலவு, இருப்பு எழுதப் பழக்கும் வகுப்பு நடைபெறட்டும். கற்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.

மூன்றாவது: சங்க உறுப்பினர் வாங்கும் மனையோ நிலமோ எதுவாயினும் மனைவியின் பெயரும் பத்திரத்தில் இடம்பெறட்டும்.

நான்காவது: நம் இல்லத் திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் வேண்டிய பலகாரத்தையும் தையலையும் நம் பெண்களிடமே விலை கொடுத்து வாங்குக. பிறர் வாங்காத பொருளை நாமும் வாங்கவில்லை என்றால் அப்பெண்கள் எங்கே போவார்கள்? கடன் சொல்லி வாங்காதீர்கள். 'நம்ம பிள்ளைதானே' என்று விலையைக் குறைக்காதீர்கள்.

1942இல் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட மகளிர் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தைத் தாம் அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாக அண்ணல் கூறினார். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் படிக்க வைத்த பெண்களை நாம் எண்ணிச் சொல்கிறோம், மகிழ்ச்சி. இனி, தம் பெயரில் ஒரு கடைப் பலகை, ஒரு பட்டா, ஒரு கணக்கு நோட்டு உடைய பெண்களையும் எண்ணத் தொடங்குவோம். பிணைக் கையெழுத்து வேண்டும் சகோதரிகள் நம் இல்லத்திற்கு வரலாம். இம்முறை நாம் தயங்கமாட்டோம்.