எத்தனை வெங்கடராமன்கள்?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம், வாசிப்பதற்காகச் சற்றுத் திருத்தப்பட்டது)

இந்த எபிசோடை எங்க ஊர் திருவண்ணாமலையில உட்கார்ந்து பேசறேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலத்துக்கான பஸ்ஸெல்லாம் இப்பவே வர ஆரம்பிச்சிடுச்சு.

இன்னைக்கு ஒரே ஒரு பேரைப் பத்திப் பேசப்போறோம். வெங்கடராமன். ரொம்பச் சாதாரணமான பேருதான். ஆனா இது எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கு, அங்க போனதும் எப்படி உருமாறியிருக்குன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும்.

கதை இந்த ஊர்லயே தொடங்குது. 1897 வாக்குல. ஊருக்கு வெளியே கீழ்நாத்தூர்ல குருமூர்த்தம்னு ஒரு சமாதிக் கோயில் இருக்கு. அங்க பதினேழு வயசுப் பையன் ஒருத்தர் பேசாம உட்கார்ந்திருந்தார். எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கும் தெரியாது. பேரு தெரியாததால 'பிராமண சுவாமி'ன்னு கூப்பிட்டாங்க. தாலுகா ஆபீஸ்ல தலைமைக் கணக்கரா இருந்த ஒருத்தர் அவரைப் பார்க்க வந்துட்டுப் போவார். ஒருநாள் அவர் அடம் பிடிச்சார். பேரு தெரியற வரைக்கும் சாப்பிடவும் மாட்டேன், ஆபீஸுக்கும் போக மாட்டேன்னுட்டார். கடைசியில பையன் இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தார்: வெங்கடராமன், திருச்சுழி.

பையனுக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு கணக்கருக்கு ஒரே அதிர்ச்சி. அதோட 'ழ'வுக்கு இசட், ஹெச் போட்டு எழுதியிருந்ததும் புரியல. உடனே பையன் பெரியபுராணப் புத்தகத்தை எடுத்து, சுந்தரர் பாடின தலமா அதுல வர்ற அந்த ஊர்ப் பேரைத் தொட்டுக் காட்டினாராம். 'ழ'வை இங்கிலீஷ்ல எழுதற தலைவலி அன்னைக்கே இருந்திருக்கு பாருங்க.

அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. அடம் பிடிச்ச கணக்கரோட பேரு என்ன தெரியுமா? வெங்கடராமையர். அடுத்த வருஷம், 1898-ல, ரமணர் பக்கத்துல இருந்த ஒரு மாந்தோப்புக்கு மாறினார். தோப்போட சொந்தக்காரர் பேரு வெங்கடராம நாயக்கர்.

ஒரே கிராமம், ஒரே காலகட்டம், மூணு வெங்கடராமன். இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. திருப்பதிப் பெருமாளுக்கு வேங்கடரமணன்னு பேரு. திருப்பதியைக் குலதெய்வமா வெச்சிருக்கற குடும்பங்கள் தமிழ்நாட்டுல எல்லாச் சாதியிலயும் உண்டு. நான் கவனிச்சது வேற. இந்த மூணு பேரையும் எப்படிப் பிரிச்சுச் சொல்றாங்க? ஒருத்தருக்கு ஊர்ப் பேரு. மத்த ரெண்டு பேருக்கும் சாதிப் பேரு. அந்தக் காலத்து அடையாள அட்டை அவ்வளவுதான்.

இப்போ அந்தப் பேரு என்னாச்சுன்னு பாருங்க. 1907-ல காவ்யகண்ட கணபதி முனி இங்க வந்து அவரைப் பார்த்தார். வெங்கடராமன்ங்கற பேரைச் சுருக்கி ரமணன்னு ஆக்கினது அவர்தான். 'வெங்கட' போயிடுச்சு, வாலு மட்டும் தங்கிடுச்சு.

இதே பேரோட வேற ஒரு குழந்தை 1888-ல திருச்சியில பிறந்தது. அப்பா பேரு சந்திரசேகரன், குழந்தை பேரு வெங்கடராமன். பின்னாடி அந்தப் பேரு ரெண்டா உடைஞ்சு 'வெங்கட', 'ராமன்'னு ஆச்சு. அப்பா பேரையும் முன்னாடி சேர்த்தா சி.வி.ராமன். 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு. 1930-ல இயற்பியல் நோபல். இன்னைக்கு உலகம் பூரா லேப்ல 'ராமன் ஸ்பெக்ட்ராஸ்கோபி'ன்னு சொல்றாங்களே, அது ஒரு திருச்சிக் குழந்தையோட பேருல பின்பாதி. ஆன்மிகத்துக்கு ரமணன், இயற்பியலுக்கு ராமன், ரெண்டும் ஒரே பேருல வெட்டின துண்டு.

இன்னும் இருக்கு. 2009-ல வேதியியல் நோபல். ரைபோசோம் எப்படி அமைஞ்சிருக்குன்னு காட்டினதுக்காக மூணு பேருக்குக் கொடுத்தாங்க. அதுல ஒருத்தர் சிதம்பரத்துல பிறந்த வெங்கி. பட்டியல்ல 'ராமகிருஷ்ணன்'னு இருக்கும். ஆனா ராமகிருஷ்ணன் அவரோட அப்பா! அவரோட சொந்தப் பேரு வெங்கட்ராமன். அப்பா சி.வி.ராமகிருஷ்ணன் பரோடாவுல உயிர்வேதியியல் பேராசிரியர், அதனால கட்டுரைகள்ல அவரும் ராமகிருஷ்ணன், மகனும் ராமகிருஷ்ணன். நோபல் பட்டியல்ல ராமன் ஒரு இடத்துல, ராமகிருஷ்ணன் ஒரு இடத்துல இருக்காங்க. அதைப் படிக்கற வெளிநாட்டுக்காரருக்கு இந்த ரெண்டு பேருக்கும் வீட்டுல வெச்சது ஒரே பேருன்னு தெரிய வழியே இல்ல.

அதே 2009-ல, ஜனவரி மாசம், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கடராமன் காலமானார். ராஜாமடத்துக்காரர். 'மீரா' படத்துக்கு இசையமைச்சவர் எஸ்.வி.வெங்கட்ராமன். சி.வி.ராமனோட வாழ்க்கை வரலாற்றை எழுதின இயற்பியலாளர் யாருன்னு தேடினா, அவரும் ஜி.வெங்கடராமன்! போதும், இப்படியே போனா விடிஞ்சிடும்.

ராமன் குடும்பத்தையே எடுத்துக்கோங்க, குழப்பத்துக்கான காரணமும் அதுலயே இருக்கு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது நம்ம வழக்கம். ராமனோட அப்பா சந்திரசேகரன். ராமனோட அண்ணன், தன் மூத்த மகனுக்கு அந்தப் பேரை வெச்சார். அவர்தான் 1983-ல நோபல் வாங்கின வானியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர். ராமனோட சகோதரி மகன் ஒருத்தருக்கும் அதே பேரு. அவரும் இயற்பியலாளர், திரவப் படிகம் அவரோட துறை, தட்டு வடிவ மூலக்கூறுகள் திரவப் படிகம் ஆகும்னு 1977-ல காட்டினவர். அவர் அப்பா சிவராமகிருஷ்ணன், இவர் அப்பா சுப்பிரமணியன், ரெண்டுக்கும் இனிஷியல் 'எஸ்'. ஆக ஒரே குடும்பத்துல ரெண்டு எஸ்.சந்திரசேகர், ரெண்டு பேரும் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். எந்தக் கட்டுரை யாருதுன்னு பிரிக்கற நூலகரை நினைச்சா பாவமா இருக்கு.

நூலகர்கள் இதுக்குப் பேருக்குப் பக்கத்துல பிறந்த வருஷத்தைச் சேர்ப்பாங்க. ஆய்வாளர்களுக்கு 2012-லிருந்து ஆர்க்கிட்னு ஒண்ணு இருக்கு, ஆளுக்கு ஒரு பதினாறு இலக்க எண். எனக்கென்னவோ 'வெங்கடராமன், திருச்சுழி' அதைவிட நல்லாவே வேலை செஞ்சிருக்குன்னு தோணுது. எங்க வகுப்புல மூணு அருணாச்சலம் இருந்தாங்க. தேரடித் தெரு அருணாச்சலம், செங்கம் ரோடு அருணாச்சலம், அப்புறம் 'குட்டை'. மூணாவது ஆளு இப்போ ஆறடி, ஆனா பேரு மாறல.

சரி, ஐயரும் நாயக்கரும் பேருல இருந்து எங்க போனாங்க? 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை விட்டுடணும்னு தீர்மானம் போட்டாங்க. இந்தியாவுல மத்த பல மாநிலங்கள்ல இன்னும் பேருக்குப் பின்னாடி சாதி தொங்கிட்டிருக்கு. நம்மகிட்ட ஒரு எழுத்தும் ஒரு பேரும் மட்டும் மிச்சம். இதுல எனக்குப் பெருமைதான், சந்தேகமே வேண்டாம். ஆனா இதுக்கு விமான நிலையத்துல ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கு.

பாஸ்போர்ட்ல சர்நேம்னு ஒரு கட்டம் இருக்கு. நம்மாளுங்க பலர் அதைக் காலியா விட்டுடுவாங்க. 2022 நவம்பர்ல, பாஸ்போர்ட்ல ஒரே பேரு இருந்தா சுற்றுலா விசாவுல உள்ள விடமாட்டோம்னு ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிடுச்சு. அப்புறம், பாஸ்போர்ட்டோட ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரு இருந்தா ஏத்துக்கறோம்னு தளர்த்தினாங்க. அமெரிக்க விசாவுல இன்னும் வேடிக்கை. எல்லாப் பேரையும் சர்நேம் கட்டத்துல மட்டும் போட்டிருந்தா, முதல் பேரு இடத்துல 'எஃப் என் யூ'ன்னு அடிச்சுக் கொடுப்பாங்க. முதல் பேரு தெரியலன்னு அர்த்தம்! அங்க 'ஃப்னு'ன்னு கூப்பிடப்படற நம்ம ஊர்க்காரங்க உண்மையிலேயே இருக்காங்க.

ரமணருக்கு இந்தக் கட்டமெல்லாம் தேவைப்படல. 1896 ஆகஸ்ட்ல மதுரை வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதி வெச்சார். 'நான்'னு தொடங்கி, ரெண்டாவது வரியில தன்னையே 'இது'ன்னு சொல்லிட்டார். கையெழுத்துப் போடற இடத்துல வெறும் கோடு. அடுத்த வருஷம் ஒரு கணக்கர் வந்து பட்டினி கிடந்துதான் அவர்கிட்டயிருந்து பேரை வாங்க முடிஞ்சது.

நமக்கு அந்த வசதி கிடையாது, விண்ணப்பத்தை நிரப்பித்தான் ஆகணும். என்கிட்ட கேட்டா, இனிஷியலை முழுசா விரிச்சு அப்பா பேரையோ அம்மா பேரையோ சர்நேம் கட்டத்துல போடுங்க. பள்ளிச் சான்றிதழ்ல இருக்கற ஸ்பெல்லிங்கே பாஸ்போர்ட்லயும் வரணும், 'ழ' இருந்தா ரெண்டு தடவை சரிபாருங்க. இதுல ஒரே ஒரு பக்க விளைவு உண்டு. என் ஆபீஸ்ல மெயில் எல்லாம் அப்பா பேருக்குத்தான் வருது. ப்ரமோஷன் வந்தப்போ வாழ்த்து மெயிலை அவர்கிட்டக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாப் படிச்சுட்டு, "சம்பளமும் எனக்குத்தானேடா வரணும்?"னு கேட்டார்.