கோடு போட்டது யார்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் இல்ல. பகல்ல வங்கி எழுத்தர், ராத்திரியில கவிதை. இன்னிக்கு ஒரு கோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அதை 'எம் டேஷ்' என்கிறார்கள். வாக்கியத்தின் நடுவில் பேச்சு சட்டென்று திரும்புகிற இடத்தில் போடுகிற நீளக் கோடு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அது எழுதித் தந்ததில் இந்தக் கோடு அடிக்கடி தென்பட்டது. அதிலிருந்து ஒரு தீர்ப்பு பரவிவிட்டது: கோடு இருந்தால் எந்திரம் எழுதியது.

போன வருசம் ஓர் இதழுக்குக் கவிதை அனுப்பினேன். அய்ந்து இடத்தில் கோடு. என் அம்மா ஒப்பாரியில் மூச்சு வாங்குகிற இடங்கள் அவை. பதில் வந்தது: "கோடு நிறைய இருக்கு. நீங்களே எழுதினதுதானா?" நான் என்ன செய்தேன் தெரியுமா? கோடுகளை எடுத்தேன். வேண்டுமென்றே ரெண்டு எழுத்துப் பிழை வைத்தேன். திருப்பி அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். அச்சில் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரல.

எங்கப்பா கைநாட்டு. அவர் ரேகையைப் பார்த்து 'இது உன்னதுதானா'ன்னு யாரும் கேட்கல. பட்டம் வாங்கின மகன் ஒரு கோடு போட்டதும் கேட்கிறார்கள். தப்பும் தவறுமாக எழுதினால் 'அசல்', திருத்தமாக எழுதினால் 'யார் எழுதிக் கொடுத்தது?' இந்தக் கேள்வி எந்திரத்தோடு பிறந்ததில்ல தோழர்களே. பள்ளிக்கூடத்திலேயே நாம் கேட்டதுதான்.

சரி, எந்திரத்துக்கு அந்தக் கோடு எங்கிருந்து கிடைத்தது? மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்துதான். 1886இல் இறந்துபோன அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1800 கவிதைகளை விட்டுச் சென்றார். கையெழுத்துப் பிரதியில் எங்கு பார்த்தாலும் கோடு. 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் பல கோடுகளை நீக்கி வழக்கமான குறிகளைப் போட்டார்கள். 1955இல் தாமஸ் ஜான்சன் பதிப்பில்தான் அவை திரும்பி வந்தன. அன்றைக்கு இலக்கண ஒழுங்கின் பேரில் நீக்கினார்கள். இன்றைக்கு சந்தேகத்தின் பேரில் நாமே நீக்கிக்கொள்கிறோம்.

'விசைப்பலகையில் அந்தக் கோட்டுக்கு விசையே கிடையாதே' என்பார்கள். வேர்டில் ரெண்டு சிறுகோடு தட்டினால் அதுவே நீளக் கோடாக்கிவிடும். வளைந்த மேற்கோள்குறியையும் சந்தேகப்படுகிறார்கள். அதையும் வேர்டு தானாகவே போடுகிறது.

தமிழுக்கு வாங்க. ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியே பெரும்பாலும் இருக்காது. அச்சு பரவிய பிறகு, 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் இக்குறிகளைப் பரப்பினார்கள். நாவலரின் சாதிப் பார்வைமீது நமக்குக் கடும் விமர்சனம் உண்டு. அதற்காகக் காற்புள்ளியை விட்டுவிட முடியுமா? எல்லாக் குறியும் எல்லாருக்கும் இரவல்தான். இரவல் வாங்கியதில் யாரிடம் மட்டும் ரசீது கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், 'எந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கிறோம்' என்று சொல்கிற 7 மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேல் 'எந்திரம் எழுதியது' என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளோ அநேகமாகத் தப்பித்துக்கொண்டன. அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதாது என்று திரும்பப் பெற்றது. செய்தவனுக்கே அடையாளம் தெரியல. ஒரு கோட்டை வைத்து நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

எந்திரத்திடம் எழுதி வாங்கித் தன் பேரைப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. அது ஏமாற்று. ஆனால் கோட்டை வைத்து அவனைப் பிடிக்க முடியாது. 2025 நவம்பரில் ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன், கோடு வேண்டாம் என்று சொன்னால் சாட்ஜிபிடி இனிக் கேட்கும் என்று அறிவித்தார். ஏமாற்றுகிறவன் ஒரு வார்த்தை சொல்லித் தப்பிவிடுவான். தானே எழுதினவன்தான் மாட்டுவான்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். செக்கில் தொகையை எழுத்தால் எழுதி 'மட்டும்' என்று முடித்தபிறகு, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுக்கச் சொல்வோம். வேறு யாரும் சொல் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. அங்கே கோடு காவல். கையெழுத்தில் சந்தேகம் வந்தால்கூட உடனே 'திருடன்' என்று கத்துவதில்லை. ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறோம்.

எழுத்திலும் அதைச் செய்யுங்கள். நாளைக்கு உங்களில் பலர் ஆசிரியர்களாக, இதழாசிரியர்களாக உட்காருவீர்கள். சந்தேகம் வந்தால், 'நீதான் எழுதினியா'ன்னு கேட்காதீங்க. 'இந்த இடத்துல ஏன் நிறுத்தினே?'ன்னு கேளுங்க. எழுதினவனிடம் பதில் இருக்கும். எழுதுகிற தோழர்களே, முதல் பிரதியை, அடித்துத் திருத்திய தாளைப் பத்திரமாக வையுங்கள். நான் செய்ததுபோல் பிழையை மட்டும் வைக்காதீர்கள்.

அந்தக் கவிதையை இப்போது திருத்திவிட்டேன். ரெண்டு பிழையும் போயாச்சு. அய்ந்து கோடும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஏன் அங்கே என்று கேட்டால், அம்மா எங்கெங்கே மூச்சு வாங்கினாள் என்று சொல்வேன்.