கட்டை உடைந்த துப்பாக்கி

அமெரிக்கக் கிராமப்புறங்களில் தாத்தா வாங்கிய ஷாட்கன் பேரன் கைக்கு வருவது சாதாரணம். குழல் இரும்பு; துடைத்து வைத்தால் மூன்று தலைமுறை தாங்கும். தோளில் பதித்துப் பிடிக்கிற மரக்கட்டைதான் முதலில் விரிசல் விடும், அதுவும் கை பற்றுகிற ஒடுங்கிய இடத்தில்.

கட்டையை இரும்போடு பிணைக்கும் நீண்ட போல்ட் நாளடைவில் தளர்கிறது. அப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னுக்கு உதைத்து மரத்தைப் பிளக்கிறது. இன்னொரு காரணம் அதிக அக்கறை! எண்ணெயைத் தாராளமாக விட்டுத் துப்பாக்கியை நிமிர்த்தி வைப்பார்கள். எண்ணெய் வழிந்து மரத்தில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஊறி, மரத்தின் வலுவைக் கெடுத்துவிடும்.

மயிரிழை விரிசல் என்றால் எபாக்ஸி பசையே போதும். முற்றாகப் பிளந்துவிட்டால் புதுக் கட்டை தேட வேண்டும். அங்கேதான் செலவு இடிக்கிறது. நல்ல வால்நட் மரத்தில் புதிதாகச் செய்த கட்டை, சில பழைய துப்பாக்கிகளின் விலையையே எட்டிவிடும்.

ரெமிங்டன் 870 வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை குறைவு. 1950இல் வந்த மாதிரி அது. 2009இல் தயாரிப்பு ஒரு கோடியைத் தொட்டது. உதிரிக்குப் பஞ்சமில்லை. போதாததற்கு, பலர் துப்பாக்கி வாங்கிய கையோடு மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையை மாட்டுகிறார்கள். கழற்றிய மரம் துப்பாக்கிச் சந்தைகளில் மலிவாக வந்து சேரும். சிக்கனக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் 870 என்ற எண் மட்டும் போதாது. 20 கேஜ் என்ற குழல் துளை அளவில் பின்னாளில் வந்த சிறிய உடல் கொண்ட வகைக்கு 12 கேஜ் கட்டை பொருந்தாது. ரெமிங்டன் 1100 வெளித்தோற்றத்தில் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். தானே குண்டேற்றும் துப்பாக்கி என்பதால் அதன் கட்டைக்குள் சுருள்வில் குழாய் ஒன்று ஓடுகிறது. துளையே வேறு.

இதைவிடப் பெரிய குழப்பம் கடைப்பெயர்த் துப்பாக்கிகளில். சியர்ஸ் போன்ற பெருங்கடைகள் ஒரு காலத்தில் தம் பெயரில் ஷாட்கன் விற்றன. செய்தது வேறு ஆலை. பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயர் பொறித்து சியர்ஸ் விற்ற 200ஆம் மாதிரி உண்மையில் வின்செஸ்டர் 1200. வெஸ்டர்ன் ஆட்டோ கடையின் ‘ரெவலேஷன் 310’ உள்ளுக்குள் மாஸ்பெர்க் 500. குழலில் உள்ள பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காத கட்டை, ஆலையின் பெயரைச் சொன்னதும் கிடைத்துவிடும். நியூயார்க் மாநிலத்தில் பழைய உதிரிகளுக்கே பேர்போன நம்ரிச் நிறுவனம் இதற்கென ஒப்பீட்டுப் பட்டியலே வைத்திருக்கிறது.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இந்தச் சுலபமெல்லாம் கிடையாது. அதன் இரும்பு, மரத்துக்குள் பள்ளம் வெட்டிப் பதிக்கப்பட்டது. முக்கால்வாசி முடித்த கட்டை குறைந்த விலைக்குக் கிடைக்கும். மிச்சத்தை உளியோடு உட்கார்ந்து, இரும்பில் கரி தடவி மரத்தில் அது எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு அது மலிவே அல்ல.

வாங்குமுன் நீளத்தையும் அளக்க வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரியவர்களுக்குச் சுமார் 14 அங்குலம். சிறுவர் கட்டை அதைவிடக் குட்டை. மாஸ்பெர்க் 500க்குப் பிஸ்டல் பிடி வைத்த கட்டை எவ்வளவு மலிவாக வந்தாலும் யோசிப்பது நல்லது: அந்தத் துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தான் உடலின் மேல்புறம் பின்னால் இருப்பதால், அந்தப் பிடியிலிருந்து கட்டைவிரல் எளிதில் எட்டாது.

மாட்டுவதற்கு, குண்டு இல்லை என்று இருமுறை பார்த்தபின், பின்முனை ரப்பர் பட்டையைக் கழற்றி நீண்ட திருப்புளியை உள்ளே விட்டால் போதும். போல்ட்டை இறுக்கமாக முடுக்கலாம். அளவு மீறினால் புது மரமும் பிளக்கும். முதல் சில வெடிகளுக்குப் பிறகு இன்னொரு முறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.