மடக்குக் கத்தி: வைத்திருப்போர் கருத்து
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் அறிஞர் பலர் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சட்டைப் பையில் அடங்கிவிடுவது. மடக்குக் கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் நாம் வழங்கும் கருவியே அது. கத்தியைப் பற்றிப் பேசவும் ஒரு மேடையா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம் காலனி வீடுகளில் இக்கத்தியை முன்னிட்டு எழும் வழக்குகள் சிலவல்ல. பாட்டனார் பேரனுக்கு அன்புடன் அளிப்பார். தாயார் அதனைப் பிடுங்கிப் பரண்மேல் வைப்பார். தோட்டத்து வேலைக்குச் செல்லும் தம்பி அஃதின்றி இயலாது என்பான். சோதனைச் சாவடியைக் கடக்கும்போது வீண் வம்பு வேண்டா என்று அண்ணன் தடுப்பான். ஆதலின், இதனை வைத்திருப்போர் பலரையும், வைத்திருக்கலாகாது என்போர் சிலரையும் அணுகிக் கருத்துக் கேட்டோம். வாளையாறு, கொல்லங்கோடு, முதலமடைப் பக்கத்து உறவினரும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பக்கத்து மலைத்தோட்ட அன்பர்களும் கூறியவற்றைத் தொகுத்து இங்கே வைக்கிறோம்.

முதற்கண் ஒன்று கூறுவோம். மடக்கும் கத்தி மேனாட்டார் தந்த புதுமை என்று கருதுவோர் உளர். ஏட்டுச்சுவடி எழுதிய நம் முன்னோர் கையாண்ட எழுத்தாணிகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒன்று. மரத்தாலோ கொம்பாலோ தந்தத்தாலோ ஆன பிடிக்குள், ஒருபால் எழுதும் ஊசியும் மறுபால் ஓலையை வாரும் கத்தியும் மடங்கிக் கிடக்கும். ஓலையின் ஓரத்தைச் செப்பம் செய்வது கத்தி. எழுத்தைப் பொறிப்பது ஊசி. மேனாட்டிலும் கதை இவ்வாறே. பறவையின் இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில், அதனைச் சீவுதற்கென்றே அமைந்த சிறு கத்தி பேனாக்கத்தி எனப் பெயர் பெற்றது. இறகு போயிற்று, பெயர் நின்றது. ஆகவே இக்கருவியின் குலம் எழுத்தாளர் குலமேயன்றிக் கொலைஞர் குலமன்று. இதனை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

பிற்காலத்தில் இது பல தொழிலுக்கும் உரியதாயிற்று. பிரான்சு நாட்டுச் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பார் 1890-இல் மரப்பிடியுடன் கூடிய எளிய மடக்குக் கத்தியை உழவர்க்கெனச் செய்தார். சுவிட்சர்லாந்தில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்க்குக் கத்தி வழங்கினார். துப்பாக்கியைப் பிரிக்கும் திருப்புளியும், தகர டப்பாவைத் திறக்கும் கருவியும் அதனுள் அமைந்திருந்தன. நம் காலனியில் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர் சிலர் கொண்டுவந்த சிவப்புப் பிடிக் கத்தி அந்த மரபில் வந்ததே.

இனி, வைத்திருப்போர் கூறியவற்றைக் காண்போம்.

அளவைப் பற்றி ஏறத்தாழ எல்லோரும் ஒருமுகமாக இருந்தனர். அலகு இரண்டரை அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை இருந்தாற் போதும் என்பதே அவர்கள் தீர்ப்பு. ஏலக்காய் ஸ்டோரில் பணிபுரியும் அன்பர் ஒருவர், "மூட்டைச் சணலை அறுக்கவும், உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கவும், பாக்கை நறுக்கவும் இதற்குமேல் என்ன வேண்டும்? பெரிய வேலைக்கு வாக்கத்தி இருக்கிறது" என்றார். கிளை வெட்டவும் புதர் களையவும் வாக்கத்தி. நுண்ணிய வேலைக்கு மடக்குக் கத்தி. இவ்விரண்டின் எல்லையை மறந்து, சிறு கத்தியால் கிளையைப் பிளக்க முயல்வோர் அலகையும் முறிப்பர், கையையும் புண்ணாக்குவர். பையிலிருப்பதே தெரியாத கனமுடையதே நாளும் உடன்வரும் என்றார் ஒரு மின்பணியாளர். எவ்வளவு சிறந்ததாயினும் வீட்டில் வைத்துவிட்டு வரும் கத்தியால் பயனில்லை அன்றோ?

பூட்டைப் பற்றியோ கருத்து இரண்டுபட்டது. பழைய பேனாக்கத்தியில் பூட்டில்லை. பிடியின் முதுகில் உள்ள எஃகு வில் அலகின் அடியை அழுத்தி நிறுத்தும். சற்று வலிந்து தள்ளினால் அலகு மடங்கிவிடும். புதிய வகைகள் பலவற்றில், விரித்தவுடன் பிடிக்குள் உள்ள தகடு ஒன்று அலகின் அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். அதனை விலக்கினாலன்றி மடங்காது. ஒப்பினெல் கத்தியிலும் முதலில் பூட்டில்லை. 1955-இல் சுழலும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. முதலமடை மாந்தோப்பில் ஒட்டுக்கட்டும் தொழிலாளர் ஒருவர், பூட்டுள்ளதே வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். ஒட்டுக்குச்சியை ஆப்புப் போலச் சீவும்போது அலகு மடங்கினால் விரல் தப்பாது என்பது அவர் வாதம். பூட்டை நம்பிக் குத்தவும் நெம்பவும் துணிபவர் மிகுதி. பூட்டில்லாத கத்தி, அளவறிந்து பழகக் கற்பிக்கிறது என்றார் தையற்கடை வைத்திருக்கும் முதியவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அழுத்தம் மிகுந்த தொழிலுடையார்க்குப் பூட்டுள்ளது ஏற்றது. பொட்டலம் பிரிப்பார்க்குப் பழைய வகையே போதும். எதுவாயினும் கத்தி நெம்புகோல் அன்று என்பதை இருவரும் ஒப்புவர்.

எஃகைப் பற்றிய கருத்து நிலத்தையொட்டி மாறுவதைக் கண்டோம். 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருவேறா எஃகை உருவாக்கினார். அதற்கு முன்னர்க் கத்திகள் பெரும்பாலும் கரிமம் கலந்த எஃகால் ஆனவை. கரிம எஃகு எளிதில் கூர்மை பெறும். ஆனால் ஈரமும் புளிப்பும் பட்டால் கறுக்கும், துருவும் ஏறும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகத்தில், வறண்ட காற்று வீசும் ஊர்களில் உள்ளோர், "கரிம எஃகே நன்று, துடைத்து வைத்தால் தலைமுறைக்கும் நிற்கும்" என்றனர். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் சூழும் இடுக்கி மலையிலுள்ளோர், "மாலையில் துடைத்து வைத்தது காலையில் சிவந்திருக்கிறது, துருவேறா எஃகே எங்களுக்கு ஏற்றது" என்றனர். மலையில் ஒன்றும் சமவெளியில் ஒன்றுமாக நல்லது வேறுபடுவதை அறியாமல், கடைக்காரர் புகழ்வதை மட்டும் கேட்டு வாங்குவோர் பின்னர் வருந்துவர். துருவேறா எஃகும் முற்றிலும் துருவேறாததன்று. உப்பும் ஈரமும் படிந்து நெடுநாள் கிடந்தால் அதுவும் புள்ளி விழும்.

பேணும் முறையிலும் நல்ல குறிப்புகள் கிடைத்தன. மாம்பாலும் பாக்குக் கறையும் பட்டவுடன் கழுவித் துடைக்க வேண்டும். கீலில் மணலும் பஞ்சும் சேர்ந்தால் குச்சியால் நீக்கி, ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிக் கீலைப் பிடித்துக்கொள்ளும் என்று எச்சரித்தவர் பலர். சாணை பிடிக்கையில் விரைந்து சுழலும் சக்கரத்தில் அலகு நீலம் பாயும்வரை அழுத்தினால், எஃகின் பதம் போய்விடும். பிறகு கூர் நில்லாது. தண்ணீர் தெளித்த சாணைக்கல்லில், ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில், இருபுறமும் ஒத்த எண்ணிக்கையில் மெல்லத் தேய்ப்பதே சிறந்தது. மழுங்கிய கத்தியே மிகுதியாகக் கையை வெட்டும் என்பது வியப்பாகத் தோன்றலாம். கூர் குறைந்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் அலகு வழுக்கும். வழுக்கிய அலகு விரலில் வந்து நிற்கும்.

இதுகாறும் கூறியன பொருளைப் பற்றியவை. இனிக் கூறுவன உயிரைப் பற்றியவை. தாய்மார்கள் சற்றுச் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

மலைத்தோட்டத்தில் பாம்பு தீண்டினால், கடிவாயைக் கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று நம்புவோர் இன்றும் உளர். சட்டைப்பைக் கத்தியை வைத்திருப்பதற்கு இதனையே காரணமாகக் கூறியவர்களையும் கண்டோம். இது பெருந்தவறு. கீறுவதால் நஞ்சு வெளியேறுவதில்லை. விரியன் நஞ்சு இரத்தம் உறையும் ஆற்றலைக் கெடுப்பது, அந்நிலையில் கீறிய புண்ணிலிருந்து இரத்தம் நில்லாமல் ஒழுகும், நரம்பும் அறுபடக்கூடும், புண் சீழ்ப்பிடிக்கவும் செய்யும். இறுகக் கட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் தீங்கானவையே. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கி, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதலே செய்யத்தக்கது. அந்த வேளையில் கத்தி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்தது சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், 9 அங்குலத்திற்கு மேற்பட்ட நீளமோ 2 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக் கத்தி அவ்வளவிற்கு மிகக் கீழானது. ஆயினும் அளவு சிறிது என்பது எல்லா இடத்தும் காவலாகாது. சினத்தில் ஒருவர்மீது அதனை ஓங்கிக் காயப்படுத்தினால், அலகின் நீளத்தை யாரும் அளக்கமாட்டார்கள்; வெட்டும் கருவியால் காயம் விளைத்தல் என்ற பெருங்குற்றமாகவே கொள்ளப்படும். விமானத்தில் செல்வோர் இதனைக் கையில் கொண்டுசெல்லும் பையில் வைத்தல் கூடாது. சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியிலேயே வைக்க வேண்டும்.

சட்டத்திற்கும் அப்பால் ஒன்று உண்டு. நாம் பிறந்த மண்ணை விட்டு வந்து பிறர் நடுவே வாழ்பவர்கள். மலையாள நாட்டு அண்டை வீட்டாரோடு உப்பும் மிளகும் போலக் கலந்து வாழ்கிறோம். ஓணத்திற்கு அவர்கள் வீட்டிலும் பொங்கலுக்கு நம் வீட்டிலும் இலை போடுகிறோம். எனினும் காலம் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையை முன்னிட்டு எல்லையில் கொந்தளிப்பு எழுந்தபோது, இடுக்கித் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கித் தேனிப் பக்கம் சென்றதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய நாளில் உழைப்பாளியின் சட்டைப்பையில் உள்ள சிறு கருவி, பார்ப்பவர் கண்ணுக்கு ஆயுதமாகத் தோன்றும். பகலில் மூட்டைச் சணலை அறுத்த அதே கத்தி, இரவில் சந்தேகத்துக்குச் சான்றாகிவிடும். தற்காப்புக்கெனக் கத்தி வைத்திருக்கிறோம் என்று இளைஞர் சிலர் கூறக் கேட்டோம். தம்பிகளே! கலவரத்தில் கத்தி எவரையும் காத்ததில்லை. வைத்திருந்தவனையே அது முதலில் சிக்கலில் ஆழ்த்தும். நம்மைக் காப்பது அண்டை வீட்டாரின் நல்லெண்ணமும் கூடி வாழும் முறையுமே. ஊரில் அமைதி குலைந்திருக்கும் நாளில், திருவிழாக் கூட்டத்தில், அரசியல் ஊர்வலத்தில், கத்தியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். வேலைக்குச் செல்லும்போது தொழிற்கருவிகளோடு ஒரே பையில் வையுங்கள். காவலர் கேட்டால் மறைக்காமல் காட்டி, செய்யும் தொழிலைச் சொல்லுங்கள். இது கோழைத்தனம் அன்று. குடும்பத்தை நினைப்பவனின் முன்னறிவு.

இறுதியாகப் பிள்ளைகள். எந்த வயதில் கத்தியைக் கையில் கொடுக்கலாம் என்ற வினாவுக்குத் தந்தையர் ஒரு விடையும் தாயர் ஒரு விடையும் கூறினர். வயதை வைத்து முடிவு கூறுவதைவிடப் பழக்கத்தை வைத்துக் கூறுவதே தக்கது என்று நமக்குத் தோன்றுகிறது. பெரியவர் அருகில் அமர்ந்து, முதலில் திறக்கவன்று, மடக்கக் கற்பிக்க வேண்டும்; அலகின் வழியில் விரல் நில்லாமல் மடக்கத் தெரிந்த பிள்ளைக்கே திறக்கும் உரிமை. பிறகு, தன் உடலுக்கு வெளிப்புறமாகச் சீவுதல்; நடக்கும்போது மடக்கி வைத்தல்; பள்ளிக்குக் கொண்டு செல்லாமை. இவற்றை ஆண்மக்களுக்கு மட்டுமன்றிப் பெண்மக்களுக்கும் கற்பியுங்கள். அரிவாள்மணையில் அமர்ந்து நாள்தோறும் கறி நறுக்கும் தாய்க்குக் கத்தியின் குணம் நம்மைவிட நன்கு தெரியும். அக்கல்வியைத் தரத் தக்க ஆசிரியரும் அவரே.

நம் பெரியோரிடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடார். கீழே வைப்பர், மற்றவர் எடுத்துக்கொள்வார். பகை வரும் என்று அதற்குக் காரணம் கூறுவர். அந்தக் காரணத்தை நம்பாதவரும் அந்த வழக்கத்தைக் கைக்கொள்ளலாம், விரல்களேனும் பிழைக்கும். மடக்குக் கத்தியை உடையவர் அதனினும் ஒரு படி மேலாக, மடக்கிய பின்னரே பிறர் கையில் தருவாராக.